அண்ணா நகரா, பெசன்ட் நகரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மஸ்கட்டில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு, வரும் ஏப்ரலில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்புகிறோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வாரம் 6 நாள். மனைவிக்குச் சோழிங்கநல்லூரில், வாரத்தில் 3 நாள் அலுவலகம் போனால் போதும். மகள் 8-ஆம் வகுப்பில் சேர வேண்டும், பரதம் கற்கிறாள். மகனுக்கு 5 வயது. மதுரையில் தனியாக இருந்த அம்மாவும் இனி எங்களோடுதான். அவருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு.

எனக்கு பெசன்ட் நகர் மேல் ஆசை. கல்லூரி நாட்களில் பெரம்பூரில் 29சி ஏறி எலியட்ஸ் பீச்சுக்கு வருவேன். என்றைக்காவது இங்கேயே குடியிருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். மனைவி அண்ணா நகர் என்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம் சாந்தி காலனிப் பக்கம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகும். நீங்கள் திருவான்மியூர்க்காரர். எங்கே போகலாம்? உடனே ஃபிளாட் வாங்கிவிடலாமா?

– மஸ்கட்டிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணா நகருக்குப் போங்கள்.

பெசன்ட் நகருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடமாக இருந்துகொண்டு, அந்தக் காற்றை விட்டு வேறெங்கும் போக மனமில்லாத நான் இதைச் சொல்கிறேன். ஏன் என்பதற்கு என் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

2009-ல் அப்பாவையும் அம்மாவையும் கும்பகோணத்திலிருந்து அழைத்துவந்தேன். அப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பெரிய குடியிருப்பில் இருந்தோம். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வாசலில் காவலாளி, எல்லாம் உண்டு. ஆபீஸ் போக எனக்கு 15 நிமிடம். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன். கும்பகோணத்தில் அப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது தெருவில் இறங்குவார். காலையில் பேப்பர், பதினோரு மணிக்கு வெற்றிலை, சாயங்காலம் கோயில். இங்கே வெற்றிலை வாங்க வேண்டுமென்றால் ஆறு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். முதல் மாதம் கடந்து பார்த்தார். அப்புறம் நான்கு மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரை போவார், காவலாளியோடு இரண்டு வார்த்தை பேசுவார், திரும்பி வந்துவிடுவார். எட்டாவது மாதம் செருப்பையும் மாட்டவில்லை. பால்கனி நாற்காலியோடு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு உடம்புதான் சரியில்லை என்று டாக்டரிடம் கூட்டிப்போனோம். உடம்பில் ஒன்றுமில்லை. மறுவருடம் திருவான்மியூருக்கு வீடு மாற்றினோம். வீடு சின்னது, எனக்கு ஆபீஸ் தூரம் கூடிப்போனது. ஒரு மாதத்துக்குள் மருந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில், வன்னி மரத்தடியில், அவருக்கு நான்கு சிநேகிதர்கள். கடைசி வரை அந்த நடை நிற்கவில்லை.

ஒரு இடம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கும்போது, காலையில் வண்டியெடுத்துப் போய் இருட்டியபின் திரும்புகிற நம்மை வைத்தே கணக்குப் போடுகிறோம். பகல் முழுக்க அங்கே இருக்கப் போகிறவர்களை வைத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டில் அது உங்கள் அம்மா. பள்ளி விட்டு வந்த பிறகு பிள்ளைகள். அம்மா மதுரையை விட்டு வருகிறார், அவருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. அவர் கால்நடையாகப் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு சம்பந்தி வீடு இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. நீங்கள் அம்பத்தூரிலும் உங்கள் மனைவி சோழிங்கநல்லூரிலும் இருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், பத்து நிமிடத்தில் போய் நிற்க ஒரு மாமா வேண்டும். 11 வருடம் வெளியே இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த மாதிரி மனிதர்கள் ஒரே நாளில் அமைய மாட்டார்கள். எனக்கு அமைய மூன்று வருடம் ஆனது.

ஆனால் அண்ணா நகர் என்றால் எந்தத் தெருவும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி வீட்டு வசதி வாரியம் திட்டம் போட்டு வளர்த்த பகுதி அது. அதனால்தான் அவென்யூக்கள் அத்தனை நேராக, அத்தனை அகலமாக இருக்கின்றன. உள்தெருக்களில் புங்கையும் வேம்பும் நிழல் தருகின்றன, வயதானவர்கள் நடக்க நல்ல இடம். ஆனால் இரண்டாவது அவென்யூவை முழங்கால் வலியோடு கடப்பது வேறு கதை. நான் ஒரு சாயங்காலம் புளூ ஸ்டார் நிறுத்தம் பக்கம் ஒரு பாட்டி நிற்பதைப் பார்த்தேன். கையில் கீரைக் கட்டு. ஒரு அடி வைப்பார், பைக் வரும், பின்வாங்குவார். கடைசியில் ஒரு பூக்காரம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வீடு பார்க்கும்போது மளிகை, காய்கறி, கோயில், மைத்துனர் வீடு நான்கும் அவென்யூவுக்கு ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மார்பிள் தரையும் மாடுலர் கிச்சனும் அப்புறம்.

இனி பயணம். அண்ணா நகரிலிருந்து உங்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட் அரைமணி நேரம். உங்கள் மனைவிக்குச் சோழிங்கநல்லூர், காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். போக வர வாரத்துக்கு 9 மணி நேரம். பெசன்ட் நகர் என்றால் அவருக்குப் பாதிதான், ஆனால் நீங்கள் நகரத்தைக் குறுக்கே கடந்து 6 நாளும் போய்வர வேண்டும். 15 மணி நேரத்துக்குக் குறையாது. மொத்தத்தில் அண்ணா நகர்தான் லாபம், ஆனால் அந்த லாபத்துக்கான அலைச்சலை அவர் சுமக்கிறார். அதைத் தெரிந்தே அவர் அண்ணா நகர் என்று சொல்லியிருக்கிறார் என்றால், அந்தச் சொல்லுக்கு உங்கள் வீட்டில் அதிக மதிப்பு இருக்க வேண்டும். அந்த 3 நாளும் காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பேருந்து உண்டா என்றும் அவரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். புரோக்கர்கள் மெட்ரோவைக் காட்டுவார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு வழித்தடம் திருமங்கலம், ஆலந்தூர் வழியாகவும், இன்னொன்று அடையாறு, திருவான்மியூர் வழியாகவும் சோழிங்கநல்லூருக்குப் போகிறது. உண்மைதான். ஆனால் திறக்காத ரயிலை நம்பி வாடகை ஒப்பந்தம் போட வேண்டாம். இப்போதைக்கு அண்ணா நகரில் ஓடுகிற மெட்ரோ 2017-ல் வந்தது. எழும்பூர், சென்ட்ரல் போக அருமையானது, விமான நிலையத்துக்கு ஆலந்தூரில் மாறினால் போதும்.

பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். 8-ஆம் வகுப்பில் இடம் காலியாவது அரிது. மகள் அங்கே இரண்டாம் மொழியாக வேறு மொழி படித்திருந்தால், சேர்க்கும்போதே தமிழ்ப் பாடம் பற்றிக் கேளுங்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006 தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக சி.பி.எஸ்.இ. போன்ற மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் விரிந்திருக்கிறது. பரதத்துக்குக் கவலை வேண்டாம். கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் இருக்கிறது என்பதால் இந்தப் பக்கம் ஒரு தனி ஈர்ப்பு உண்டுதான். ஆனால் 13 வயதுப் பெண்ணுக்கு வேண்டியது நல்ல குரு ஒருவர். அவர் அண்ணா நகரிலும் கிடைப்பார்.

வாங்குவதா என்று கேட்டீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகையும் அந்தத் தெருவில் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி இரவு இரண்டு மணிக்கு வரும். சத்தம் கேட்டதும் மூன்றாம் மாடியிலிருந்து ஓடுவோம், சம்ப்பில் குழாய் விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க. அதற்குப் பின் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையமும் 2024-ல் வந்துவிட்டது, தென்சென்னையில் நிலைமை தேவலை. ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் மே மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள் என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள், கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழைக்கு, தெருமுனையில் அயர்ன் வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். 2015-லும் 2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரை ஏறியது என்று அவர் கை நீட்டிக் காட்டுவார். வீட்டுக்காரர் சொல்வதைவிட அது நம்பகம்.

பெசன்ட் நகரில் வாங்கத்தான் வேண்டும் என்று பின்னால் தோன்றினால், கடலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்தால் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து துரு செதிலாக உதிரும். ஏசியின் வெளிப்பெட்டி நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை, ஏனென்றால் மாலை ஐந்து மணிக்கு அந்தக் காற்று வந்து கதவைத் தள்ளும்போது வேறெதுவும் நினைவுக்கு வராது. நீங்கள் 29சி-யில் வந்த நாட்களில் உங்களை இழுத்ததும் அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பின், நீங்களும் அம்பத்தூரை விட்ட பின், அதற்கு ஒரு நேரம் வரும்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாருங்கள். சாயங்காலம் வேண்டாம், கூட்டம் தாங்காது. ஐந்தரைக்கு வந்தால் கார்ல் ஷ்மிட் நினைவு வளைவுப் பக்கம் மணலில் மகன் ஓடலாம், ஊரூர் குப்பத்துப் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். ஏழு மணிக்கு அம்மாவை மருந்தீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துவாருங்கள். முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் போதும், நான் வன்னி மரத்தடியில் இருப்பேன்.