பாய் போக இஎம்ஐ எதற்கு?

கேள்வி: நானும் மனைவியும் ஜனவரியில் தாய்லாந்து போகிறோம். சியாங் மாய் வரை விமான டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கிருந்து பாய் என்கிற மலையூருக்குப் போய் நான்கு இரவு தங்க ஆசை. ஏஜென்ட் ஒருவர் 'அட்வெஞ்சர் பேக்கேஜ்' என்று இருவருக்கும் சேர்த்து 62,000 ரூபாய் கேட்கிறார். கார்டில் 12 மாத இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என்கிறார். கையில் இருப்பது 35,000. மார்ச்சில் ஓர் ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) முதிர்கிறது. இஎம்ஐ போடுவதா, ஆர்டியை உடைப்பதா, பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளுவதா? சியாங் மாயிலேயே பைக் வாடகைக்கு எடுத்தால் மிச்சமாகுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மூன்றும் வேண்டாம். இருக்கிற 35,000-க்குள்ளேயே போய்வந்துவிடலாம்.

முதலில் மார்ச் கதையை முடித்துவிடுவோம். வேறு யாராவது கேட்டிருந்தால் 'ஆர்டி முதிரட்டும், அப்புறம் போங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். பாய் விஷயத்தில் அது எடுபடாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் காடும் அறுவடைக் கழிவும் எரிகிற பருவம். பள்ளத்தாக்கு முழுக்கப் புகை நிற்கும். மலை பார்க்கப் போய், மலையே தெரியாமல் கண் எரிச்சலோடு திரும்புவீர்கள். ஜனவரிதான் சரி.

இஎம்ஐ: ஆண்டுக்கு 15% வட்டி என்று வைத்தால், 62,000-க்கு 12 மாதத்தில் வட்டி மட்டும் 5,100 ரூபாயைத் தாண்டும். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, போதாததற்குச் செயலாக்கக் கட்டணம். இத்தனையும் கொடுத்து அந்த பேக்கேஜில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. பாயில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது.

பாய் கேன்யன் இலவசம். ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். செம்மண் முகடுகள் சுவர்போல நீண்டு போகும். சில இடங்களில் ஒரு முழ அகலம்தான் நடைபாதை. இரண்டு பக்கமும் பள்ளம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சூரியன் இறங்கும் நேரத்துக்குப் போங்கள், ஆனால் ரப்பர் செருப்போடு போகாதீர்கள். குன்றின் மேல் இருக்கும் வெள்ளைப் புத்தருக்கு முந்நூற்றைம்பது படிக்கட்டு போல ஏற வேண்டும், அதற்கும் காசில்லை. மே யென் அருவிக்கு ஓடையைத் திரும்பத் திரும்பத் தாண்டி மணிக்கணக்கில் நடக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

எனக்குப் பிடித்தது வேறோர் இடம். 2008-ல் ஒரு விவசாயியின் நிலம் திடீரென்று பிளந்துகொண்டது. விரிசல் பிறகு இன்னும் அகலமானது. மனிதர் அதைப் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து, புளிச்சைக்கீரை வகைச் செடியின் சிவப்புப் பூவிதழில் செய்த ரோசெல் பானமும் வாழைக்காய் சிப்ஸும் கொடுக்க ஆரம்பித்தார். விலை கிடையாது, ஓர் உண்டியல் இருக்கும். நிலத்தை இழந்தவர் வருமானத்துக்கு இன்னொரு வழி கண்டுபிடித்ததை, பண ஆலோசனை சொல்லும் தொழிலில் இருக்கிற நான் ரசிக்காமல் எப்படி? அங்கே கஞ்சத்தனம் காட்டாமல், தாய்லாந்து நாணயமான பாட்டில் ஒரு நூறாவது போடுங்கள்.

காசு கேட்கும் இடங்களும் உண்டு. தா பாய் வெந்நீர் ஊற்று தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். உள்ளூர்க்காரர் தருவதைவிடப் பல மடங்கு. ஊற்று பொங்கும் இடத்தில் கொதிக்கக் கொதிக்க இருக்கும், கீழே இறங்க இறங்கக் குளிக்கிற பதம். தாம் லோட் குகை பாயிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உள்ளூர் வழிகாட்டி விளக்கோடு கூட வருவார், குகைக்குள் ஓடும் ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் போகலாம். அங்கே கட்டணம் குழுவுக்கு; வாசலில் தனியாக நிற்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு பிரியும்.

சரி, கணக்கு. ஒரு பாட் சுமார் மூன்று ரூபாய் என்று சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மினிவேன் போகவர 800 பாட், நான்கு இரவு குடில் 2,800, சாப்பாடு 2,400, ஊரிலேயே ஏற்பாடாகும் வேன் சுற்றுலா இரண்டு நாளைக்கு 2,400, நுழைவுக் கட்டணங்கள் 1,200. ஆக 9,600 பாட், 28,800 ரூபாய். சீசன் என்பதால் அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். மீதி 6,200 இருக்கிறது. அதில் முதல் செலவு பயணக் காப்பீடு.

இங்கேதான் உங்கள் பைக் கேள்வி வருகிறது. சியாங் மாயிலிருந்து பாய்க்குப் போகும் 1095-ஆம் சாலையில் 762 வளைவுகள். அந்த எண்ணை டீ-ஷர்ட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள். ஊருக்குள் நுழைந்தால் முழங்கையிலும் காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு காபி குடிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். 'பாய் டாட்டூ' என்று அதற்குப் பெயரே உண்டு. வாடகை ஒரு நாளைக்குச் சில நூறு பாட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். அந்த ஆஸ்பத்திரி பில்லுக்கு உங்கள் ஆர்டி பதில் சொல்லும். ஓட்டியே தீருவேன் என்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி அனுமதி வாங்குங்கள், பாலிசியில் இருசக்கர வாகனம் பற்றிய பிரிவைப் படியுங்கள், பாய்க்குப் போனபிறகு அங்கே எடுங்கள். பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். ரொக்க டெபாசிட் வாங்கிக்கொள்ளும் கடையாகப் பாருங்கள். மலையேறுவது மினிவேனில், முன் சீட்டில், வாந்தி மாத்திரையோடு.

ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பார்கள். ஐந்து தடவை எடுப்பதை ஒரே தடவையாக எடுங்கள். 'ரூபாயில் கழிக்கட்டுமா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று பாட்டையே அழுத்துங்கள். தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். அரசுத் தளத்தில் நீங்களே நிரப்பலாம், ஏஜென்ட்டுக்குக் காசு தர வேண்டியதில்லை.

ஆளுக்கொரு ஸ்வெட்டரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஜனவரி இரவில் அந்த மூங்கில் குடில்களில் நன்றாகவே குளிரும்.