வளவுக்கு வந்த ஜாவா குருவியைப் பறக்கவிடாதீர்கள்

வணக்கம். கானாடுகாத்தான் வீட்டு வளவில் (முற்றத்தில்) வந்திறங்கிய, ஆளைக் கண்டு அஞ்சாத சாம்பல் நிறக் குருவியை வெளியே விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். கறுத்த தலை, வெண்மையான கன்னம், தடித்த இளஞ்சிவப்பு அலகு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் என்று நீங்கள் சொன்ன அடையாளமெல்லாம் ஜாவா குருவிக்கே உரியவை. நம் ஊர்ச் சில்லைகளுக்கு (முனியா என்னும் சிறு குருவிகளுக்கு) உறவுதான். ஆனால் பூர்வீகம் இந்தோனேசியத் தீவுகளான ஜாவாவும் பாலியும். உங்களிடம் வந்திருப்பது நிச்சயம் ஏதோ கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கும். கூண்டில் வளர்ந்த பறவைக்குப் பூனையும் வல்லூறும் என்னவென்றே தெரியாது.

துரத்திப் பிடிக்க வேண்டாம், பயத்திலேயே துவண்டுவிடும். கதவு திறந்த கூண்டில் தினையும் நெல்லும் தூவி, தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். இந்த இனத்துக்குக் குளியல் என்றால் உயிர். தண்ணீரே அதை உள்ளே இழுத்துவிடும். மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

காலில் வளையம் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். உரியவர் கிடைக்காவிட்டால் வனத்துறையிடம் தெரிவியுங்கள். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள பறவை இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் இத்தகைய அயல்நாட்டு உயிர்களைப் பதிவு செய்யாமல் வளர்க்கக் கூடாது. கூண்டு வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்தே சொந்தத் தீவுகளில் அருகிப்போன இனம் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை. பாடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள், பாடினால் ஆண்.