தோற்ற பிறகு குதிரையை நடத்துவது யார்?

கேள்வி: எனக்கு 20 வயது. அப்பா நுவரெலியாப் பந்தயத் திடலுக்கு அருகிலுள்ள ஒரு லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கிறார். சிறு வயது முதல் அங்கே போய் வந்ததால் நானும் சவாரி கற்றுக்கொண்டேன். லாய உரிமையாளர் தம் குதிரையிலேயே தடைதாண்டல் போட்டிகளில் பங்கேற்க என்னை அனுமதித்திருக்கிறார். பயிற்சியில் சுத்தமாகத் தாண்டும் தடைகளைப் போட்டியில் தட்டி விழுத்திவிடுகிறேன். முந்தின இரவு தூக்கம் வருவதில்லை. காலையில் சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை. மணி அடித்ததும் தோற்றுவிடுவேன் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை. வென்ற அன்று நாள் முழுவதும் குதிரையோடேயே இருப்பேன். தோற்றால், இறங்கியவுடன் கடிவாளத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வேனுக்குள் போய் அழுவேன். குதிரையை அவர் பார்த்துக்கொள்வார், அவருக்கு அது பழகிய வேலைதானே. அப்பாவோ உரிமையாளரோ ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. பிறகு ஏன் இந்தப் பயம்? போட்டிகளை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நுவரெலியா

பதில்:

மகளே,

பரீட்சை மண்டபம், பேச்சுப் போட்டி, அரங்கேற்றம், வலைப்பந்தாட்டம் என்று இடம்தான் மாறுமே தவிர, தோற்றுவிடுவேனோ என்ற பயத்தோடு இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. குதிரைச் சவாரியைப் பற்றி வந்தது உன்னுடையதுதான் முதல் கடிதம் என்றாலும் நோய் எனக்குப் புதியதல்ல. வெற்றி தோல்வி சகஜம், மனதைத் தளரவிடாதே என்று நானும் எழுதுவேன் என நீ எதிர்பார்த்திருக்கக்கூடும். அதை உன்னைச் சுற்றியுள்ளவர்கள் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார்கள். சொல்லியும் உன் வயிற்றைப் பிசைவது நிற்கவில்லை. ஆகவே, போகிற போக்கில் நீ எழுதிவிட்டுப் போன ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

"அவருக்கு அது பழகிய வேலைதானே" என்று எழுதியிருக்கிறாய். முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது என் தாத்தாவின் நினைவு வந்தது.

என் அம்மாவின் அப்பா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரைக்குக் குதிரைக்காரராக இருந்தவர். பிறந்தது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், உழைத்தது லாயத்தில். எழுத்தில் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டு முடிந்து மலை மலையாகச் சுற்றிவிட்டுத் துரை பங்களா வாசலில் வந்து இறங்குவார். இறங்கியதும் திரும்பிப் பாராமலே கடிவாளத்தைப் பின்பக்கம் நீட்டுவார். அதை வாங்குவதற்கு அங்கே ஒரு கை இருக்கும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. துரை உள்ளே போய்த் தேநீர் அருந்தும் நேரத்தில், என் தாத்தா வியர்த்துப்போன குதிரையை மழையிலும் பனியிலும் நடத்தி மூச்சை ஆற்றி, வைக்கோற்பிடியால் உடம்பைத் தேய்த்து, குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சிக்கிய கல்லை எடுத்து, தண்ணீர் காட்டி முடிக்கும்போது அம்மாயி சுட்டு வைத்த ரொட்டி விறைத்துப் போயிருக்கும். துரையைப் பற்றி அவர் குறை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்தத் திரும்பிப் பாராத கையைப் பற்றி மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். அந்தக் கை போகவில்லை. தோற்ற நாட்களில் அது உன் தோளில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இது உனக்குக் கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். வென்ற அன்று பரிசு ரிப்பனோடு குதிரையை நீயே நடத்திக்கொண்டு போகிறாய். அப்போது அது உன் குதிரை. தடையின் கட்டை விழுந்த அன்று, அதே குதிரை ஒரு நொடியில் அப்பாவின் வேலையாகிவிடுகிறது. இருட்டோடு எழுந்து அதற்குத் தீனி வைத்தவர், நீ ஏறுவதற்காகச் சேணத்தை இறுக்கிக் கொடுத்தவர், உன் சுற்று முடியும் வரை வேலியோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதற்குப் பிறகு உன் தோல்வியையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவருக்கும் அன்று தோல்விதான் என்பது உனக்குத் தோன்றியதே இல்லையா? அவர் எந்த வேனுக்குள் போய் அழுவார்?

உன் பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கடைசித் தடையைத் தாண்டி முடிவுக் கோட்டைக் கடந்த பிறகு வரும் முதல் அரைமணி நேரத்தை, தோற்ற எந்த ஒரு நாளிலும் நீ வாழ்ந்ததில்லை. அதை உனக்குப் பதிலாக உன் அப்பா வாழ்ந்து முடித்திருக்கிறார். காணாத ஊரைப் பற்றிப் பிள்ளைகள் பேய்க்கதை கட்டுவது போல, காணாத அந்த அரைமணி நேரத்தைப் பற்றி நீ கதை கட்டுகிறாய். இரவில் உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கதைதான். யாருமே உன்னைக் கடிந்துகொள்ளாதபோது பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறாய். கடிந்திருந்தால் அந்தத் திட்டையாவது நின்று கேட்டிருப்பாய், கேட்டு முடிந்ததும் அது தீர்ந்தும் போயிருக்கும். உனக்கோ எதுவும் தீர்வதில்லை, ஏனென்றால் தீரும் வரை நீ அங்கே நின்றதில்லை.

உன் அப்பாவுக்கும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு. ஐயா, "நான் பட்டது என்னோடு போகட்டும், பிள்ளை படக்கூடாது" என்று நம் மலையகத்துத் தாய்தகப்பன்மார் சொல்லும்போது அதில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை நான் அறிவேன். கொழுந்துக் கூடையைப் பிள்ளையின் கண்ணில் படாமல் மறைத்து வைத்த தாய்மாரோடு வளர்ந்தவள் நான். ஆனால் கூலி வேலை வேறு, தான் ஏறிய உயிரைத் தானே ஆற்றிக்கொடுப்பது வேறு. முன்னதிலிருந்து மகளைக் காப்பாற்றுங்கள். பின்னதை அவள் கையிலிருந்து வாங்காதீர்கள்.

மகளே, இனிக் குதிரையின் பக்கத்தைப் பார். அதற்கு ரிப்பன் தெரியாது. கட்டை விழுந்தால் நான்கு தவறுப் புள்ளிகள் என்பதும் தெரியாது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு இடங்கள் மட்டும் அதற்கு மறைந்துவிடும். தாவும் அந்தக் கணத்தில் அது உன் உடம்பை நம்பித்தான் தாவுகிறது. 2009 இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குதிரையோடு சிலரை ஒரே பாதையில் நான்கு முறை போகச் செய்து, நான்காம் முறை மட்டும் "வழியில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் மனிதரின் இதயத் துடிப்பும் ஏறியது, எதையும் அறியாத குதிரையின் துடிப்பும் ஏறியது. விழாத கட்டையை நினைத்து நீ தொடையை இறுக்கி, மூச்சை அடக்கி, கடிவாளத்தைப் பின்னுக்கு இழுத்தால், விரியாத அந்தக் குடை உன் கையிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை இலங்கையில் குதிரை ஏறும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மெட்டில்டா கார்ல்சன் நம் நாட்டின் பெயரில் தடைதாண்டலில் இறங்கியது அங்கேதான். அதே ஒலிம்பிக்கில், குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுகளின் தொகுப்பான நவீன பென்டத்லான் போட்டியில், வாள்வீச்சும் நீச்சலும் முடிந்து முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லொய், குலுக்கலில் கிடைத்த செயிண்ட் போய் என்ற குதிரை தாண்ட மறுத்ததும் சேணத்தின் மேலேயே அழுதார். அழுதுகொண்டே சவுக்கை ஓங்கினார். இறுதியில் 31 ஆம் இடத்துக்குப் போனார். அந்தப் பெண்ணை நான் குறை கூற மாட்டேன், ஏனென்றால் அறிமுகமாவதற்கு அவருக்குக் கிடைத்தது 20 நிமிடங்கள் மட்டுமே. உன்னிடம் இருப்பதோ தினமும் நீ தொட்டுப் பழகிய குதிரை. தோற்ற நாளில் தன் முதுகிலிருந்து இறங்கியவள் முகம் காட்டாமல் மறைந்துவிடுவதை அது எத்தனை முறை பார்த்திருக்கிறது என்று எண்ணிப் பார்.

எனவே அடுத்த போட்டியன்று உன் அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கில் தேநீரும் எடுத்துப் போ. போட்டி முடியும் வரை அவர் கை வெறுமையாக இருக்கட்டும். முடிவு எதுவானாலும் இறங்கியவுடன் வயிற்று வாரை இரண்டு துளை தளர்த்து; கால் வைக்கும் அங்கவடிகளை மேலே ஏற்றிக் கட்டு; 1868 மீற்றர் உயரத்துக் குளிரில் வியர்த்த உடம்பு விறைத்துவிடும், அதனால் போர்வையைப் போட்டு, மூச்சு அடங்கும் வரை நீயே நடத்து. பார்ப்பவர்கள் பார்க்கட்டும். தோற்றால் "குதிரைக்காரன் மகள்தானே" என்று கொழும்புக்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் உன் கடிதத்தில் எழுதப்படாமல் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஆம், நீ குதிரைக்காரர் மகள்தான். 1875 முதல் அந்தத் திடலில் குதிரைகள் ஓடுகின்றன. ஓடி முடித்தவற்றை ஆற்றி நடத்திய எங்கள் ஆட்களின் பெயரை எந்தக் கோப்பையிலும் நான் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவரின் மகள் சேணத்தின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என் தாத்தாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீ வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த வேன் மட்டும்தான்.

நடத்தி முடித்ததும் நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து கீழே தடவிப் பார். எங்கேனும் சூடோ வீக்கமோ தட்டுப்பட்டால் அப்பாவைக் கூப்பிடு. அவருடைய அனுபவம் அதற்காகத்தான். பிறகு குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரல்களை வைத்தால், மெல்லிய கயிறு போல ஒரு நாடி உருளும். கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கு. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். தாண்டி முடித்தவுடன் அது நூறைத் தாண்டியிருக்கும். சில நிமிட இடைவெளி விட்டு மறுபடி எண்ணு. எண்ணிக்கை இறங்குவதை உன் விரலே உனக்குச் சொல்லும். இன்னொரு உயிரின் நாடியை எண்ணிக்கொண்டிருக்கும்போது தனக்காக அழுவது எவருக்கும் எளிதல்ல.

வாந்தி தொடர்ந்தால் ஒரு வைத்தியரைப் பார், அதைத் தள்ளிப் போடாதே. போட்டிகளை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் கேட்காதே. தோற்ற நாள் ஒன்றில் குதிரையை நீயே ஆற்றி, நீயே கட்டி, அப்பாவோடு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்த பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் விட்டுவிடு. நான் தடுக்க மாட்டேன். வேனுக்குள் இருந்துகொண்டு மட்டும் அந்த முடிவை எடுக்காதே.

அடுத்த போட்டி வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த இதழ் கைக்கு வந்த அன்று மாலையே லாயத்துக்குப் போய், அப்பாவிடம் நாடி பார்க்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அவர் விரலுக்குப் பக்கத்தில் உன் விரலை வைத்து எண்ணு. எத்தனை என்று எனக்கு எழுது.