பூங்காவின் வரும்படியை எப்படி எண்ணுவது? – கேள்வி பதில்

பூங்காவால் அக்கம்பக்கத்து மக்களுக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பயனை அளப்பது பற்றி இலங்கை மலையகத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, நில மதிப்பீட்டு வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஹட்டன் வாசகர்: ஐயா, சிறுவர் பூங்கா கேட்டால், "டிக்கெட் இல்லாத பூங்கா நட்டம்" என்கிறார்கள். என்ன சொல்வது?

டிக்கெட் வசூலைப் பார்த்தால் வாசல் பெட்டியில் விழுந்த காசு மட்டும்தான் தெரியும். உங்கள் ஊரிலிருந்து ஒரு குடும்பம் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கட்டணம், பகல் சாப்பாடு, கொழுந்து பறிக்கும் தாய் இழக்கும் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்), எல்லாவற்றையும் கூட்டினால்தான் அந்தப் பயணத்தை அவர்கள் எவ்வளவாக மதிக்கிறார்கள் என்று புரியும். 1947இல் ஹரல்ட் ஹொட்டலிங் என்ற பொருளியலாளர் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவைக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன வழி இது. செலவு ஏற ஏற வருகை எவ்வளவு குறைகிறது என்று கோடு வரைந்தால், பக்கத்து ஊர்க்காரர் கொடுக்கத் தயாராக இருந்தும் கொடுக்காமல் மிச்சப்படுத்திய தொகை வெளியே வரும். இலவசப் பூங்காவின் பயனில் பெரும்பகுதி அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் நடந்தே போகும் பூங்காவுக்கு இது அவ்வளவாக ஒத்துவராது. பக்கத்து ஊரில் அப்படி ஒன்று இருந்தால் ஒரு வாரம் உட்கார்ந்து தலைகளை எண்ணுங்கள். அந்த வாரத்துப் பராமரிப்புச் செலவை அந்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒரு தேநீர் விலைக்குள் அடங்கிவிடும் என்பது என் ஊகம்.

நானுஓயா ஆசிரியை: பூங்கா வந்தால் காணி விலை ஏறும் என்கிறார்களே, அதுதானே நல்ல அளவுகோல்?

ஊரைப் பொறுத்தது, டீச்சர். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஒல்ம்ஸ்டெட், சுற்றியிருந்த மூன்று வட்டாரங்களில் 1856 முதல் 1873 வரை ஏறிய சொத்து மதிப்பைக் காட்டி, பூங்கா தன் செலவைத் தானே அடைத்துவிட்டது என்று வாதாடினார். இன்றைக்கும் அளவிலும் வசதியிலும் ஒத்த இரு வீடுகளை எடுத்து, பூங்காவுக்கு அருகில் இருப்பதற்கு மட்டும் எவ்வளவு கூடுதல் விலை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கண்டி நகரில் இதைச் செய்யலாம். அங்கே காணி உறுதி (பத்திரம்) கைமாறுகிறது, பேர்ச் (காணி அளவு) விலை பதிவாகிறது.

தேயிலைத் தோட்டத்தில் என்ன செய்வீர்கள்? லயன் காம்பராவுக்கு (தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்கு) ஏது உறுதி? நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பேர்ச் விலை இரட்டித்தாலும் லயத்தில் இருப்பவர் கைக்கு ஒரு சதமும் வராது. பக்கத்து நகரில் வாடகைக்கு இருக்கும் அவருடைய மகனுக்கு வாடகைதான் கூடும். ஆகவே காணி விலையைக் கொண்டு பயனை அளந்த அறிக்கை எதையாவது பார்த்தால், யாருடைய காணி என்று முதலில் கேளுங்கள். நான் எழுதிய சில பழைய அறிக்கைகளிலும் இந்தக் கேள்வி இல்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மஸ்கெலியா வாசகர்: எங்கள் தோட்டத்துக்குள் பிரதேச சபை பூங்கா அமைக்கலாமா?

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் திருத்திவிட்டார்கள். இனிச் சட்டத்தைச் சாட்டுச் சொல்ல முடியாது.

நுவரெலியாவில் தங்குமிடம் நடத்துபவர்: விக்டோரியா பூங்காவின் ஏப்ரல் கூட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வந்துவிடுமா?

வராது. ஏப்ரலில் மலர்க் கண்காட்சியும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் மழையில் அதே வாசலில் காவலாளியும் குடையும்தான். மாதந்தோறும் ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினம் எண்ணுங்கள். விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற பறவையைத் தேடிக் கமராவுடன் வருபவர்கள் தலைக்கணக்கில் சிலர்தான். ஆனால் உங்களிடம் அறை எடுப்பவர்கள் அவர்கள்.

வெலிமடை வாசகர்: சீதையம்மன் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே ஹக்கலைத் தாவரவியல் பூங்காவையும் பார்க்கிறார்கள். பயணச் செலவை யார் கணக்கில் போடுவது?

இரண்டிலும் முழுதாகப் போட்டால் ஒரே ரூபாயை இருமுறை எண்ணியதாகும். "பூங்கா பூட்டியிருந்தாலும் இந்தப் பயணம் வந்திருப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் பயணச் செலவு கோயில் கணக்கு. பூங்காவுக்குள் செலவிட்டதும் அங்கே கழித்த நேரமும் மட்டும் பூங்காவுக்கு.

ஒஹிய வாசகர்: ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு இத்தனை வேன்கள் போகின்றன, எங்கள் ஊரில் எதுவும் தங்கவில்லையே?

நுழைவுக் கட்டணம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. வேன்காரர் வேறு ஊர், சாப்பாட்டுப் பொதி நுவரெலியா ஹோட்டலில் கட்டியது. ஊரில் தங்கியது எது, கடந்து போனது எது என்று பிரிக்காமல் மொத்தச் செலவைப் "பிரதேச வருமானம்" என்று எழுதுவது ஏமாற்று. அதேபோல உள்ளூர்க்காரர் பூங்காக் கடையில் வாங்கிய வடையும் புதுப்பணம் ஆகாது. பூங்கா இல்லாவிட்டால் சந்தியில் வாங்கியிருப்பார். மறுபக்கம், மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் அந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது. அந்தப் பயன் எந்த டிக்கெட்டிலும் இல்லை, கீழ்நாட்டு வயல்களிலும் மின்நிலையங்களிலும் தேட வேண்டும்.

பதுளை மாணவி: "இந்தப் பூங்காவுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று மக்களிடமே கேட்டால் என்ன?

கேட்கலாம், மகள். 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்த பிறகு இந்த முறை பெரிய வழக்காடலாயிற்று. 1993இல் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ரொபர்ட் சோலோவும் இருந்த குழு, கடுமையான நிபந்தனைகளோடு இதை ஏற்றது. ஆனால் மாதக் கடைசியில் லயத்துக் கதவைத் தட்டி ரூபாயில் கேட்டால் பூச்சியம்தான் கிடைக்கும். அவர்களுக்குப் பூங்கா வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை, கையில் காசில்லை. "எத்தனை நாள் சிரமதானத்துக்கு (கூலியில்லாப் பொது வேலைக்கு) வருவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வந்த நாட்களை நாட்சம்பளத்தால் பெருக்கி எழுதுங்கள்.