செவில்யாவில் ஓட்டல் அறை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஸ்பெயினின் செவில்யா நகரத்தில் இரண்டு தடவையாகப் பதினோரு இரவுகள் தங்கியிருக்கிறேன். 2023 மார்ச் கடைசியில் கணவரோடும் அம்மாவோடும் போனேன். 2025 ஜூன் கடைசியில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டு தடவையும் ஒரே ஓட்டல்தான். கதீட்ரலிலிருந்து ஐந்து நிமிட நடை, பழைய வீடு ஒன்றை மாற்றிக் கட்டிய மூன்று நட்சத்திர ஓட்டல். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊருக்குப் போகிறவர்கள் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். அந்த ஓட்டல் நன்றாக இருந்ததா?

முதல் இரவு இல்லை. மற்ற பத்து இரவும் நன்றாக இருந்தது. ஓட்டல் அதேதான், அறைதான் மாறியது.

முதல் நாள் கொடுத்தது தெருப்பக்கத்து அறை. பால்கனி, பூத்தொட்டி, கீழே சின்னச் சதுக்கம், அதில் ஆரஞ்சு மரங்கள். சாயங்காலம் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சதுக்கத்தில் இரண்டு பார்கள் இருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. பத்து மணிக்குத்தான் அங்கே சாப்பாடே சூடு பிடிக்கிறது. ஒன்றரை மணிக்கு இரும்பு நாற்காலிகளை இழுத்து அடுக்கிச் சங்கிலி போட்டார்கள். அப்புறம் ஒரு தொட்டி நிறைய காலி பாட்டில்களைக் கொட்டினார்கள். ஆறு மணிக்குத் தெருவைக் கழுவ வண்டி வந்தது. அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே விட்டார்.

காலையில் ரிசப்ஷனில் சொன்னோம். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்டெரியோர் சரியா?" என்றார். உள்பக்க அறை. ஜன்னல் இல்லாத பொந்தாக இருக்குமோ என்று தயங்கினோம். "ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே முற்றம். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், இடுப்பு உயரத்துக்கு நீலமும் மஞ்சளுமாகப் பூவேலை ஓடுகள், நடுவில் எண்கோணத் தொட்டி, அதிலிருந்து ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர். அந்தச் சத்தம் மட்டும்தான். தெரு இருபதடி தூரத்தில் இருந்தது, ஆனால் காதில் விழவில்லை. இந்த ஊர் வீடுகள் வெளியே பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல, முற்றத்தைப் பார்த்துக் கட்டப்பட்டவை. தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: செவில்யாவில் ஓட்டலைத் தேர்ந்தெடுத்தால் போதாது, எந்தப் பக்கத்து அறை என்பதையும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

அதை எப்படிக் கேட்பது? முன்பதிவில் அப்படி ஒரு கட்டமே இல்லையே.

முன்பதிவு செய்தவுடன் ஓட்டலுக்கே இரண்டு வரி எழுதுங்கள். தெருப்பக்கம் என்றால் "எக்ஸ்டெரியோர்", முற்றத்துப் பக்கம் என்றால் "இன்டெரியோர்", அமைதியான அறை என்றால் "ட்ரான்கிலா". இந்த மூன்று சொல் போதும். எங்களுக்கு இரண்டாம் தடவை அன்று மாலையே பதில் வந்தது, அதே அறையைத் தந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. தரைத்தளத்து முற்ற அறை வேண்டாம். எங்கள் ஓட்டலில் காலைச் சாப்பாடு முற்றத்திலேயே. ஏழரைக்குக் கோப்பையும் கரண்டியும் சத்தம் போட ஆரம்பிக்கும். முற்றத்து அறையில் வெளிச்சம் குறைவுதான், பகலிலும் விளக்கு வேண்டும். எதிர் வராந்தாவில் ஆட்கள் நடப்பார்கள், திரையைப் போட்டே வைக்க வேண்டும். இதெல்லாம் சம்மதம் என்றால் கேளுங்கள். அறையில் இருப்பது தூங்கத்தான் என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

மாடிக் கணக்கு நம் ஊர் மாதிரியேதான்: தரைத்தளம் பூஜ்ஜியம், அதற்கு மேலேதான் முதல் மாடி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் சிலசமயம் அரைமாடி ஏறின பிறகே தொடங்கும். வயசானவர்களோடு போகிறவர்கள் வாசலிலிருந்தே படியில்லாமல் போக முடியுமா என்று தனியாகக் கேளுங்கள்.

டபுள் ரூம் என்றால் பெரிய கட்டில்தானா? சென்ற வருடம் வேறு ஊரில் இரண்டு ஒற்றைக் கட்டில் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே "தோப்ளே" என்றால் இருவர் அறை, அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப்போட்டிருப்பார்கள். ஒரே கட்டில் வேண்டுமென்றால் "காமா தே மாத்ரிமோனியோ" என்று கேட்க வேண்டும். நேர் அர்த்தம் கல்யாணக் கட்டில். பழைய அளவு 135 சென்டிமீட்டர் அகலம், இப்போது 150 சகஜம். 135 என்றால் இருவருக்கு இறுக்கம். எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளியலறை எப்படி? கழுவத் தண்ணீர் வசதி உண்டா?

இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நான்கு பேர் தனியாக எழுதியிருந்தீர்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. ஸ்பெயினில் பழைய பாணி ஓட்டல்களில் பிதே இருக்கும், டாய்லெட் பக்கத்திலேயே குட்டையான தொட்டி, குழாயோடு. எங்கள் அறையிலும் இருந்தது. புதிதாகப் புதுப்பித்த ஓட்டல்களில் இடத்தை மிச்சம் பிடிக்க எடுத்துவிடுகிறார்கள். படத்தில் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மக் எடுத்துப் போங்கள்.

முக்கியமான விஷயம் குழாய். சி என்ற எழுத்து போட்ட குழாய் குளிர்ந்த தண்ணீர் இல்லை. காலியென்தே, அதாவது சுடுதண்ணீர். எஃப் என்றால்தான் குளிர்ந்தது. அம்மா முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் வந்தவுடன் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பதினோரு நாளும் அதையே குடித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் எங்களுக்கு மே, ஜூன்தான் தோது. வெயில் தாங்குமா?

மே முதல் பாதி சரி. ஜூன் கடைசி, நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். நாங்கள் இருந்த அதே நாட்களில், 2025 ஜூன் 28 அன்று, பக்கத்து உவெல்வா மாகாணத்து எல் கிரனாதோவில் 46 டிகிரி. ஸ்பெயினில் ஜூன் மாதத்தில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். சென்னைக்காரிதானே, தாங்கிவிடுவேன் என்று நினைத்தேன். அது வேறு மாதிரி வெயில். வியர்வையே தெரியாது, தொண்டை மட்டும் காய்ந்துகொண்டே போகும்.

அதனால் ஏசி ஓடுகிறதா என்பதை வந்த பத்து நிமிடத்தில் சோதியுங்கள். உச்சிமாடி அறைக்கு ஆசைப்படாதீர்கள். கதீட்ரலின் மணிக்கூண்டான ஹிரால்தா கோபுரம் தெரிகிற மொட்டைமாடி அறை என்று கூடுதல் விலை சொல்வார்கள். கோடையில் அந்தக் கூரை நாள் முழுக்கக் காய்ந்து, இரவெல்லாம் சூட்டை இறக்கும்.

ஜன்னலுக்கு வெளியே பெர்சியானா என்று சுருள் அடைப்பு இருக்கும். சுவரோரம் ஒரு நாடா தொங்கும், இரண்டு விரல் அகலம், பலர் பிடித்துப் பிடித்து நடுவில் பளபளப்பாகியிருக்கும். அதை இழுத்தால் அடைப்பு கடகடவென்று மேலே போகும், விட்டால் இறங்கும். காலை பத்து மணிக்கு முன்னாலேயே அதை இறக்கிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது நம் பழக்கம், அங்கே செய்தால் அனல்தான் உள்ளே வரும். ஓட்டலிலும் முற்றத்துக்கு மேல் கித்தான் விரித்தார்கள். சியெர்பெஸ் கடைத்தெருவிலும் கட்டடத்துக்குக் கட்டடம் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

இரண்டு மணியிலிருந்து ஏழு மணிவரை அறையிலேயே இருங்கள். நேரம் வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய பத்து மணி நெருங்கிவிடும், ஏழுக்கு மேல் நல்ல பகல் மிச்சம் இருக்கிறது. விலையும் இறங்கும்: மார்ச்சில் இரவுக்கு 118 யூரோ கொடுத்த அறை ஜூனில் 92.

நாங்கள் சைவம். காலைச் சாப்பாடு சேர்த்து எடுக்கலாமா?

வேண்டாம். எங்கள் ஓட்டலில் ஆளுக்கு 13 யூரோ. பாதி மேசை ஹாமும் சாசேஜும், மீதி கேக். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. மூலையில் உள்ள பாரில் பால் காபியும் தோஸ்தாதாவும் சேர்த்து நான்கு யூரோவுக்குள் முடிந்தது. பார் என்றதும் தயங்காதீர்கள், காலையில் அது டீக்கடை மாதிரிதான், பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். தோஸ்தாதா என்பது வாட்டின ரொட்டி. மேலே அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. அம்மா ஒரு துளி மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுச் சாப்பிட்டார், அதற்குப் பிறகு தினமும் அதுதான்.

வெண்ணெய் கேட்கும்போது கவனம். "மந்தெக்கில்யா" என்றால் வெண்ணெய். "மந்தேக்கா" என்றால் பன்றிக் கொழுப்பு. அதிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கும், பார்த்தால் ஏதோ சட்னி போலத் தெரியும்.

மதியம், இரவுக்கு: கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைத்த "எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ்" இந்த ஊர்ப் பண்டம். நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சல்மோரெஹோ என்ற கெட்டித் தக்காளி சூப்பில் மேலே ஹாம் தூவுவார்கள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஹாமும் டூனா மீனும் வந்துவிடும், அவை பலருக்குக் கறிக் கணக்கில் வராது. "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஏழரைக்குள் சாப்பிட வேண்டும். முடியுமா?

உணவகங்கள் எட்டரைக்கு மேல்தான் இரவுச் சமையலைத் தொடங்கும். அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். மதியம் இரண்டு மணிக்கு முழுச் சாப்பாடு, ஏழு மணிக்கு அறையில் தயிர், பழம், ரொட்டி என்று வைத்துக்கொண்டோம். குட்டி ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இன்சுலினுக்கும் அது தேவை. கெட்டில் பெரும்பாலும் இருக்காது, எடுத்துப் போங்கள். ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை ஏன் அவ்வளவு நேரம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்?

சட்டம் அது. 2024 டிசம்பர் 2 முதல் தங்குகிறவர்களின் விவரங்களை முன்பைவிட அதிகமாக எடுத்து அரசுக்கு அனுப்ப வேண்டும். வீட்டு முகவரி, தொலைபேசி, குழந்தைகள் இருந்தால் உறவு முறை எல்லாம் கேட்பார்கள். 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் ஆனது இரண்டாம் தடவை இருபது நிமிடம் ஆனதற்கு இதுதான் காரணம். பாஸ்போர்ட்டை உங்கள் கண்முன்னாலேயே பார்த்து எழுதிவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

தனியாக நகர வரி உண்டா?

நாங்கள் தங்கிய இரண்டு தடவையும் செவில்யாவில் இல்லை. பார்சிலோனாவில் உண்டு: ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று, ஏழு இரவுவரை. 16 வயதுவரை கிடையாது.

சான்டா குரூஸ், ட்ரியானா, சான்டா ஹூஸ்டா ரயில் நிலையம் பக்கம் — எங்கே தங்குவது?

மட்ரிடிலிருந்து ரயிலில் வந்து ஓர் இரவில் கிளம்புகிறவர்கள் நிலையத்துப் பக்கமே தங்கலாம். மட்ரிடிலிருந்து இரண்டரை மணி நேரம்தான், 1992இல் ஸ்பெயினின் முதல் அதிவேக ரயில் ஓடிய பாதை அது. அந்தப் பகுதியில் பார்க்க ஒன்றுமில்லை.

சான்டா குரூஸ் பழைய யூதர் குடியிருப்பு. சந்துகள் அவ்வளவு குறுகல், டாக்ஸி ஓட்டல் வாசல்வரை வராது. கடைசி இருநூறு மீட்டர் கல் பாவின தரையில் பெட்டியை இழுக்க வேண்டும். ஆனால் கதீட்ரல், அல்காசர் அரண்மனை எல்லாம் நடை தூரம். அம்மா முட்டிவலியோடு ஹிரால்தாவில் ஏறினார் என்றால் நம்புவீர்களா? உச்சிவரை கிட்டத்தட்ட முழுக்கப் படிகளே இல்லை, 35 சரிவுகள். மெதுவாக நின்று நின்று போனோம். காலை எட்டு மணிக்கே அறைக்கும் கேட்ட மணி அங்கே தலைக்கு மேல் தொங்கியது.

ட்ரியானா ஆற்றுக்கு அக்கரை. ஓடு செய்த குயவர்களின் பேட்டை, பாலத்தடியில் சந்தை. விலை குறைவு. ஊர் மக்கள் நடுவே இருக்கலாம். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஈஸ்டர் வாரத்தில் போகலாமா?

அந்த வாரம் தெருவில் நடக்கும் மத ஊர்வலங்களைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் போங்கள், பல மாதம் முன்பே பதிவு செய்து. இல்லையென்றால் வேண்டாம். எங்கள் அறைக்கே அந்த வாரத்தில் இரண்டரை மடங்கு விலை போட்டிருந்தது. தெருக்கள் மணிக்கணக்காக அடைந்துவிடும், ஓட்டல் எதிரே தெரிந்தாலும் கடக்க முடியாது. அதற்கு இரண்டு வாரம் முன்பு போங்கள். ஆரஞ்சு மரங்கள் பூக்கும் நேரம். இரவு திரும்பும்போது சந்துக்குச் சந்து அந்த வாசனை. மல்லிகையைவிட மெல்லியது, எலுமிச்சை கலந்த மாதிரி. முற்றத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளேயும் வரும்.

அறை மாற்றித் தரமாட்டேன் என்றால் என்ன செய்வது?

முதலில் காலை பத்து, பதினொரு மணிக்குக் கேளுங்கள். யார் காலி செய்கிறார்கள் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியும். நள்ளிரவில் இருப்பவருக்கு அதிகாரம் இருக்காது. அப்படியும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் புகார்ப் படிவம் கேளுங்கள்: "ஓஹாஸ் தே ரெக்லமாசியோனெஸ்". எல்லா ஓட்டலிலும் வைத்திருக்க வேண்டும், இருக்கிறது என்று பலகையும் மாட்டியிருக்க வேண்டும். ரிசப்ஷன் சுவரைப் பாருங்கள். எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. அந்தப் பெண் இரண்டாம் தடவையும் அங்கேயே இருந்தார், அம்மா ஏன் வரவில்லை என்று முதலில் அதைத்தான் கேட்டார்.