கட்டண மாதமும் மழை மாதமும் ஒன்றாக வந்தால்

கேள்வி: வணக்கம் மேடம். திருவொற்றியூரில் தரைத்தளத்தில் சொந்த வீடு. எனக்கு வயது 29. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை, கையில் வருவது 42,000. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது. வீட்டுக்கு 15,000 கொடுக்கிறேன். பைக் கடன் 4,200, இன்னும் எட்டு மாதம். பதிவு பெற்ற சீட்டு 5,000, ஒரு லட்சம் சீட்டு, இன்னும் எடுக்கவில்லை, பதினோரு மாதம் பாக்கி. என் செலவு 6,000. கிரெடிட் கார்டில் 68,000 நிற்கிறது, மாதம் 3,400 மினிமம் கட்டுகிறேன். வங்கிச் சேமிப்புக் கணக்கில் 1,10,000 இருக்கிறது. இந்த ஜூனில் வார இறுதி எம்.பி.ஏ. சேர்ந்தேன். நான்கு தவணை, தவணைக்கு 90,000. ஒன்று கட்டிவிட்டேன், அடுத்தது டிசம்பரில். லேப்டாப் 75,000, வட்டி இல்லை என்று சொல்லும் நோ காஸ்ட் இஎம்ஐ தவணையில் வாங்கலாமா? சீட்டை ஏலத்தில் எடுத்துவிடலாமா? கூடப் படிப்பவர்கள் எல்லோரும் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுகிறார்கள், நானும் 3,000 ஆரம்பிக்கட்டுமா? 2023 மழையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டும் போய்விட்டன. இந்த வருடமும் மழை வந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு. படிப்பை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: படிப்பை நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்கிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனால் பணத்தை வைத்திருக்கும் இடங்களை மாற்ற வேண்டும்.

முதலில் கார்டு. 68,000 நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 2,380 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 428. நீங்கள் கட்டும் 3,400-ல் 2,800 இப்படியே போய்விடுகிறது. அசலில் குறைவது அறுநூறுகூட இல்லை. மறுபக்கம், சேமிப்புக் கணக்கில் தூங்கும் 1,10,000-க்கு வங்கி மாதம் 300 ரூபாய்கூடத் தராது. கையில் பணம் இருப்பது தைரியம் தரும், அது எனக்குப் புரிகிறது. அந்தத் தைரியத்துக்கு மாதம் 2,800 கொடுப்பது மிக அதிகம். இன்றே 68,000-ஐ முழுதாகக் கட்டுங்கள். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், அடுத்த பில் சுத்தமாக வரும்வரை கார்டைத் தொடாதீர்கள். அப்புறம் முழுத் தொகையும் தானாகவே கட்டப்படும்படி ஆட்டோபே வைத்துவிடுங்கள்.

இப்போது கையில் மீதி 42,000. மாதச் செலவு 30,200, ஆக மாதம் 11,800 மிஞ்ச வேண்டும். முன்பும் எட்டாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும், எங்கோ கரைந்திருக்கிறது. சம்பளம் வந்த அன்றே இந்தத் தொகையை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கை போனில் எந்த யுபிஐ செயலியோடும் இணைக்காதீர்கள்.

டிசம்பர் கட்டணத்தை இதிலிருந்து கட்டவே கூடாது. நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். உங்கள் பகுதியில் தரைத்தள வீட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் செலவு திடீர்ச் செலவு அல்ல, நாள் தெரிந்த செலவு. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே மாதத்தில் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கணக்கு காலியாக உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வந்த மறுநாள் மறுபடி கார்டுதான். அல்லது தண்டல். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பவர்களிடமும், ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளிடமும் நல்ல சம்பளக்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் இப்படி ஒரு வாரத்தில்தான். கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படிக் கேட்கவே கூடாது.

எனவே கட்டணத்துக்குக் கல்விக் கடன். அடுத்த இரண்டு தவணைக்கு 1,80,000 போதும், மூன்றுக்கும் சேர்த்து 2,70,000 வேண்டாம். நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் வார இறுதிப் படிப்பை எல்லா வங்கியும் ஏற்பதில்லை. அதனால் நவம்பர்வரை காத்திருக்காமல் இந்த மாதமே கல்லூரியில், அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான போனஃபைடு சான்றும் கட்டண விவரமும் வாங்கிக்கொண்டு, சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில் கேளுங்கள். படிப்புக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். பணம் தவணை தவணையாகக் கல்லூரிக்கே போகும். 10.5 சதவீத வட்டி என்றால் முதல் 90,000-க்கு மாதம் 790 ரூபாய் அளவில் வரும். படிக்கும்போதே அந்த வட்டியைக் கட்டிவாருங்கள், அசல் ஏறாமல் நிற்கும். ஜூனில் அடுத்த 90,000 தேவையா என்பதை அப்போது கையிருப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். கல்விக் கடன் கிடைக்கவே இல்லை என்றால் பொதுத்துறை வங்கியில் நகைக் கடன். அம்மாவிடம் பேசிவிட்டு, திருப்பும் தேதியை எழுதிவைத்துவிட்டு வாங்குங்கள்.

வரிச் சலுகைக்காகக் கடன் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் 2025-26 நிதியாண்டில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை, உங்களுக்கு அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சீட்டை இப்போது எடுக்காதீர்கள். ஏலத்தில் தள்ளுபடி விட்டு எடுக்கும் பணம் உங்களுக்குக் கல்விக் கடனைவிட விலை கூடியதாகிவிடும். கடைசிவரை இருந்தால் நடத்துபவரின் கமிஷன் போக ஏறக்குறைய முழுத்தொகை வரும். அது நான்காம் தவணைக்கு அப்படியே சரியாகப் போகும்.

லேப்டாப் தேவைதான். அலுவலக லேப்டாப்பில் கல்லூரி வேலை செய்வது வேலைக்கே வம்பு. ஆனால் எம்.பி.ஏ.வுக்கு எக்செல்லும் பவர்பாயின்டும் ஓடினால் போதும், 75,000 வேண்டியதில்லை. பழையதைச் சரிசெய்து வாரண்டியோடு விற்கும் ரிஃபர்பிஷ்ட் லேப்டாப்பை 30,000-க்குள் பாருங்கள். நோ காஸ்ட் என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி இருக்கும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். மூன்று மாதம் சேர்த்து ரொக்கமாகவே வாங்கலாம். அந்தச் செலவையும் கழித்துக் கணக்கிட்டால், நான்கு மாதச் சேமிப்புக்குப் பிறகு டிசம்பரில் உங்கள் கையில் அறுபதாயிரத்தை ஒட்டி இருக்கும். எஸ்ஐபி அதன் பிறகு. கையிருப்பு 90,000-ஐத் தொட்டு, பைக் கடனும் முடியட்டும். உங்கள் நண்பர்களுக்குத் தரைத்தள வீடு இல்லாமல் இருக்கலாம்.

மழைக்கு இரண்டு காகித வேலை இருக்கிறது. ஒன்று, வண்டி. 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதைப் பார்த்துவிட்டுப் பலர் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அது ஒரு ரூபாய் தராது. சொந்தச் சேதத்துக்கான பகுதி முதல் வருடத்தோடு முடிந்திருக்கலாம், பாலிசியை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூழ்கிய வண்டியை மெக்கானிக் பார்க்கும் முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள், அதனால் எஞ்சின் போனால் கிளெய்ம் சிக்கலாகும்.

இன்னொன்று, வீடு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பாரத் கிருக ரக்‌ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசி தருகின்றன. வெள்ளம் அதில் அடக்கம். வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கும் எடுக்கலாம். ஃபிரிட்ஜ் பில், சீரியல் எண், ஒரு போட்டோ இவற்றை மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். மழை எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப்போய் எடுக்க நினைக்காதீர்கள், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

அப்பா அம்மாவை உங்கள் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க முடியுமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். தனியாக எடுப்பதானாலும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கடைசியாக, உங்கள் பணம் முழுக்க ஒரே போனில் இருக்கிறது. மிக்ஜாமில் கரண்ட் போய், டவர் போய், யுபிஐ ஓடாமல் தெருக்கடையில் பால் வாங்க முடியாமல் நின்றவர்கள் ஏராளம். அக்டோபர் முதல் வாரத்தில் ஐயாயிரம் ரூபாயை ஐம்பதும் நூறுமாக எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவையுங்கள். ஆதார், வீட்டுப் பத்திரம், கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் பரணுக்குப் போகட்டும். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அதிலும் எடுத்துவையுங்கள். வெள்ள நேரத்தில் நிவாரணம் என்ற பெயரில் லிங்க் வந்தால் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடமும் சொல்லுங்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும். 2023-ல் அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடையில்தான் கையில் கிடைத்தது, எந்த லிங்க்கிலும் வரவில்லை.