டவுன்லைட்டும் மெகர் சோதனையும்

கேள்வி: ஹால் ஃபால்ஸ் சீலிங்கில் 8 எல்இடி டவுன்லைட். மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்தால் ஃபேஸ்-நியூட்ரல் இடையே இன்சுலேஷன் அளவு மிகக் குறைவு. எலக்ட்ரீஷியன் வயரையே மாற்றச் சொல்கிறார். மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விளக்குகள் இணைப்பில் இருந்தால் மெகர் அளப்பது வயரை அல்ல, டிரைவரை (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி). மெகர் செலுத்தும் 500 வோல்ட் டிசி அந்த டிரைவரையே கெடுத்துவிடவும் கூடும். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென உறுதிசெய்தபின், அந்த சர்க்யூட்டின் நியூட்ரலை நியூட்ரல் பாரிலிருந்து (நியூட்ரல் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) எடுத்து, 8 டிரைவர்களையும் கழற்றி, சுவிட்சுகளை ஆனில் வைத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் 1 மெகாஓம் வேண்டும். நல்ல வயர் பல மடங்கு காட்டும். டிரைவரைக் கழற்ற வழியில்லையா? ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்து, எர்த்துக்கு மட்டும் சோதிக்கலாம்.

அப்போதும் குறைந்தால் லைட் துளைகளைப் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப்பில் நசுங்கிய வயரும், சூட்டில் பழுப்பேறி இறுகிய இன்சுலேஷனும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.